சீனாவில் ஓராண்டு சீனமொழி படிக்கப் போகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஒரு கல்வியாண்டு முழுக்க பெய்ஜிங்கில் மொழி மாணவராக இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து, கிளம்புகிற தம்பி தங்கைகளின் காகிதங்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதி வைக்கிறேன். பட்டப்படிப்பின் நடுவிலோ, முடித்த கையோடோ ஒரு பருவம் அல்லது ஓராண்டு சீனமொழியும் பண்பாடும் படிக்கப் போகிறவர்களுக்கானது இது. அங்கே மருத்துவம் படிக்கப் போகிறவர்களின் பாதை வேறு.

1. முதல் கதவு உங்கள் சொந்தக் கல்லூரி

எல்லோரும் முதலில் சீனப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத்தான் திறப்பார்கள். அதற்கு முன்னால் உங்கள் துறைத் தலைவரைப் பாருங்கள். படிப்பின் நடுவே போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: விடுப்பு அனுமதி, ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், அங்கே படிக்கும் எந்தப் பாடத்துக்கு இங்கே எத்தனை கிரெடிட் என்ற உறுதி.

மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் வாய்வார்த்தையாக விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும்போது துறைத் தலைவர் மாறியிருப்பார். புதியவருக்கு உங்களுக்குக் கொடுத்த வாக்கு தெரியாது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் ஓராண்டு வீணாகாது.

பட்டம் முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சான்றிதழ் கைக்கு வரும் தேதியை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெருநிலச் சீனாவா, தைவானா?

இதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பேசும் மொழி இரண்டிடத்திலும் மாண்டரின்தான். ஆனால் பெருநிலத்தில் எளிதாக்கப்பட்ட எழுத்து, தைவானில் பழைய முழு எழுத்து. பெருநிலத்தில் எழுதும் சீனமொழித் திறன் தேர்வு எச்எஸ்கே, தைவானில் டோக்ஃபல். ஒன்றுக்குத் தயாரித்துவிட்டுக் கடைசியில் மாற்றினால் மூன்று மாத எழுத்துப் பயிற்சியில் பாதி போய்விடும்.

சென்னையில் தைவானின் பொருளாதாரப் பண்பாட்டு மையம் 2012 முதல் இருக்கிறது. மொழி படிக்க வருகிறவர்களுக்குத் தைவான் அரசு தரும் ஹுவாயூ உதவித்தொகை பற்றி அங்கேயே கேட்கலாம். சீனாவுக்குச் சென்னையில் தூதரக அலுவலகம் கிடையாது. அலைச்சலுக்கும் செலவுக்கும் முன்கூட்டியே இடம் விட வேண்டும்.

நான் போனது பெய்ஜிங். ஆகவே இனிச் சொல்வதெல்லாம் பெருநிலத்துக்கானது.

3. செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சீனக் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. இரண்டாம் பருவம் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். மொழி மாணவருக்குச் செப்டம்பர்தான் நல்லது. அடிப்படை வகுப்புகள் அப்போதுதான் அதிகம் திறக்கும், எல்லோரும் புதியவர்களாகவே வருவார்கள்.

செப்டம்பரில் வகுப்பு என்றால் ஜூலையில் விசா. ஜூனில் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். சொந்தச் செலவில் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பித்துவிட வேண்டும். சீன அரசு உதவித்தொகை கேட்பதானால் வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். சீனமொழி ஆசிரியர்களுக்கான பன்னாட்டு உதவித்தொகையில் மொழி மட்டும் படிக்கும் பிரிவும் உண்டு. அதற்கு எச்எஸ்கே மதிப்பெண் கேட்பார்கள். அப்படியானால் அந்தத் தேர்வை முந்தைய ஆண்டின் கடைசிக்குள் எழுதிவிட வேண்டும். எச்எஸ்கே மதிப்பெண் சேர்க்கைக்கு இரண்டு ஆண்டு செல்லும், முன்னதாக எழுதுவதில் நஷ்டம் இல்லை.

உதவித்தொகை கிடைத்தாலும் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள். முதல் மாதத் தொகை வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும், கணக்கு திறக்கவே சில வாரம் பிடிக்கும். ஒரு யுவான் நம் பணத்தில் எத்தனை ரூபாய் என்று அன்றைய மதிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. பெயர்: நம்மவர்களுக்கென்றே வரும் சிக்கல்

இதை நிதானமாகப் படியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பள்ளிச் சான்றிதழில் எம். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா முருகன், கல்லூரி மதிப்பெண் பட்டியலில் கவிதா எம். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சீனக் கணினிக்கு மூன்று ஆட்கள்.

செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிக் குறியீட்டைப் பாருங்கள். அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்து. விண்ணப்பம், சேர்க்கைக் கடிதம், விசாப் படிவம், விமான டிக்கெட், பிறகு வங்கி, சிம், ரயில் டிக்கெட் எல்லாவற்றிலும் அதுவே. சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து ஆங்கிலத்தில் நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக் கடிதம் மின்னஞ்சலில் வந்த அன்றே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்கு அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. விசா மையத்தின் ஜன்னலில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். திருத்திய கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. அவள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு ஐந்தாம் பாடத்தில் இருந்தது.

5. மருத்துவப் படிவம், அப்புறம் விசா

ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் வெளிநாட்டவருக்கான மருத்துவப் பரிசோதனைப் படிவம் வேண்டும். ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் அதில் உண்டு. படிவம் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் பிப்ரவரியில் எடுத்துவிட்டால் செப்டம்பரில் உதவாது. உங்கள் புகைப்படத்தின் மேலும் தாளின் மேலும் பாதி பாதி விழும்படி மருத்துவமனை முத்திரை குத்தியிருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் அங்கே போய் மறுபடி முழுப் பரிசோதனைக்கும் பணம் கட்ட நேரிடும். எக்ஸ்ரே படத்தையும் ரத்த அறிக்கையின் அசலையும் கையோடு கொண்டுபோங்கள்.

விசாவில் இரண்டு வகை. 180 நாளுக்கு மேல் என்றால் எக்ஸ்1, அதற்குள் என்றால் எக்ஸ்2. சேர்க்கைக் கடிதத்தோடு ஜேடபிள்யூ201 அல்லது ஜேடபிள்யூ202 என்ற படிவத்தையும் பல்கலைக்கழகம் அனுப்பும். முதலாவது அரசு உதவித்தொகை மாணவருக்கு, இரண்டாவது மற்றவர்களுக்கு. விண்ணப்ப மையங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் இருக்கின்றன. உங்கள் மாநிலம் எதற்குக் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

எக்ஸ்1 விசா ஒட்டி வரும்போது, தங்கக்கூடிய நாட்கள் என்ற இடத்தில் 000 என்று இருக்கும். இதைப் பார்த்துப் பயந்துபோய் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. தவறு ஒன்றுமில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே வாங்கும் குடியிருப்பு அனுமதி தீர்மானிக்கும் என்பதுதான் அதன் பொருள்.

6. கிளம்பும் முன் மூன்று மாதம்: ஒலியை முதலில் பிடியுங்கள்

சொற்களை மனப்பாடம் செய்ய அவசரப்படாதீர்கள். முதல் நான்கு வாரம் ஒலியும் தொனியும் மட்டும் போதும். தவறான உச்சரிப்போடு முந்நூறு சொல் ஏறிவிட்டால், பிறகு அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டும்.

சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். அதைப் பார்த்ததும் ஆங்கிலமாகப் படிப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. தமிழாகக் கேளுங்கள். ஏ, பி, சி-யில் இரண்டாவதாக வரும் பி-யைப் பின்யினில் பார்த்தால் ஆங்கிலத்தில் போல அதிர்த்துச் சொல்லக் கூடாது. 'பல்' என்று தமிழில் சொல்லும்போது வரும் அந்த மென்மையான, காற்று வெளியே தள்ளாத ப-தான் அது. 'கல்' என்பதில் வரும் க-வும் அப்படியே சீனத்தில் இருக்கிறது. இது நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

நாம் புதிதாகக் கற்க வேண்டியது மூச்சு சேர்ந்த ஜோடியை. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடியுங்கள். மூச்சில்லாத ப-வில் கையில் ஒன்றும் படக் கூடாது. மூச்சுள்ள ப-வில் விளக்கை ஊதி அணைக்கிற அளவு காற்று பட வேண்டும். 'வொ பாவ் ல' என்று மூச்சில்லாமல் சொன்னால் 'எனக்கு வயிறு நிறைந்துவிட்டது'. அதே வாக்கியத்தை மூச்சோடு சொன்னால் 'நான் ஓடிவிட்டேன்'. விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் இது மாறினால் முகங்கள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சொத்து நம் ழ. மனிதரைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியை வெள்ளைக்கார மாணவர்கள் வாரக்கணக்கில் பழகுவார்கள். நாக்கை மடித்து 'பழம்' என்பதில் வரும் ழ-வைக் கொஞ்சம் உரசலோடு சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும். 'வாளப்பளம்' என்று பேசிப் பழகியவர்கள் முதலில் ழ-வைத் தமிழிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

நம்மைக் கவிழ்ப்பது சொல்லின் கடைசி ன். பேச்சில் 'வந்தான்' என்பதை 'வந்தாங்' போல மூக்கில் விட்டு முடிக்கிறோம். சீனத்தில் ன் வேறு, ங் வேறு. 'ச்சுவான்' படகு, 'ச்சுவாங்' கட்டில். ன் சொல்லும்போது நாக்கு நுனி மேலே போய் ஒட்டியே நிற்க வேண்டும். ஒட்டியதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள்.

தொனி நான்கு, அவற்றோடு தொனி இல்லாத இலேசான ஓர் ஒலி. தமிழில் தொனியே இல்லை என்று சொல்வார்கள். நான் புதியவர்களிடம் 'ம்' சொல்லச் சொல்வேன். யாரோ கூப்பிட்டது சரியாகக் கேட்காதபோது 'ம்?' என்று மேலே தூக்குகிறோமே, அது இரண்டாம் தொனி. 'ம்!' என்று வெட்டி ஒப்புக்கொள்வது நான்காம் தொனி. சந்தேகத்தோடு 'ம்ம்ம்' என்று கீழே போய் இழுப்பது மூன்றாம் தொனிக்குப் பக்கம். தம்புரா சுருதி போல உயரத்தில் ஆடாமல் நிற்பது முதல் தொனி. நான்கையும் ஒரு நாள் முழுக்க 'ம்' என்றே பழகிவிட்டு, மறுநாள் சொற்களில் ஏற்றுங்கள்.

'மாய்' என்பது மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வியாபாரம், நம் கொடுக்கல் வாங்கல் மாதிரி. 'ஷுய்ஜியாவ்' ஒரு தொனி ஜோடியில் தூக்கம், இன்னொன்றில் வேகவைத்த கொழுக்கட்டை. ஆகவே எந்தச் சொல்லையும் தொனி இல்லாமல் நோட்டில் எழுதாதீர்கள். தொனியை விட்டு எழுதுவது பாதிச் சொல்லை விட்டு எழுதுவது போல.

7. எழுத்தைத் தள்ளிப் போடாதீர்கள்

'முதலில் பேசக் கற்றுக்கொள்கிறேன், எழுத்தைப் பிறகு பார்க்கலாம்' என்று நினைப்பவர்கள் முதல் வாரமே திணறுவார்கள். வகுப்பில் அன்றாடம் சொல்வதெழுதுதல் உண்டு. கையால் எழுத வேண்டும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து நாளுக்குப் பத்து எழுத்து. கோடுகளை எழுதும் வரிசையைத் தொடக்கத்திலேயே சரியாகப் பழகுங்கள்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். வரிசை கைக்குப் பழகினால் எழுத்து கையிலேயே நினைவிருக்கும்.

ஒவ்வோர் எழுத்தையும் தனிப்படமாக மனப்பாடம் செய்யாதீர்கள், உறுப்புகளாகப் பிரியுங்கள். 'ச்சிங்' என்று ஒலிக்கும், பச்சை நிறத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. அதன் இடப்பக்கம் மூன்று சொட்டுத் தண்ணீர் சேர்த்தால் தெளிவு. பேச்சுக்கான உறுப்பைச் சேர்த்தால் வேண்டுதல். இதயத்தைச் சேர்த்தால் உணர்வு. சூரியனைச் சேர்த்தால் மேகமில்லாத வானம். எல்லாமே 'ச்சிங்'தான், தொனி மட்டும் மாறும். ஒரு பக்கம் ஒலியைச் சொல்கிறது, மறுபக்கம் பொருளைச் சொல்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து வேகம் கூடும்.

பழைய எச்எஸ்கே கணக்கில் முதல் நிலை 150 சொல், இரண்டாம் நிலை 300, மூன்றாம் நிலை 600. கிளம்பும் முன் முதல் நிலையை உறுதியாக முடித்திருந்தால் போதும். இரண்டாவது இருந்தால் நிம்மதி. அகராதிக்குப் ப்ளெகோ செயலியைப் போனில் ஏற்றி, இணையம் இல்லாமலே இயங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

8. போன், பணம், வீட்டோடு பேச்சு

சீனாவில் வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் திறக்காது. அங்கே எல்லோரும் பேசவும் பணம் கொடுக்கவும் பயன்படுத்தும் வீசாட் செயலியை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அங்கே இருப்பவர் இங்கே உள்ளதைத் திறக்க முடியாது, இங்கே இருப்பவர் அங்கே உள்ளதைத் திறக்க முடியாது. அம்மாவோடு எப்படிப் பேசுவீர்கள் என்பதை விமானம் ஏறும் முன் முடிவு செய்யுங்கள்.

இந்திய சிம்மில் ரோமிங் போட்டால் இணையம் நம் நிறுவனத்தின் வழியாகவே போகும், வாட்ஸ்அப் வேலை செய்யும். தினசரி அரட்டைக்குச் செலவு கட்டாது, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பேச்சுக்கு மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற, இரண்டு பக்கமும் திறக்கும் ஒன்றை வீட்டார் போனில் ஏற்றி, ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். பெற்றோருக்குப் போனிலேயே வழி சொல்லிப் புதுச் செயலி ஏற்றுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

இந்திய சிம்மை எக்காரணம் கொண்டும் சாகவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஜிமெயில் முகவரி கொடுக்காமல் அவுட்லுக் போன்ற ஒன்றைக் கொடுங்கள். பாடப்பிரிவு அறிவிப்புகள் அதற்கு வரும்போது நீங்கள் சீனாவில் இருப்பீர்கள்.

கையில் கொஞ்சம் யுவான் நோட்டு, ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, இவை முதல் வாரத்துக்கு. அங்கே தெருவோரக் கிழங்கு வண்டி வரை போனில் ஸ்கேன் செய்துதான் பணம் கொடுக்கிறார்கள். அலிபே என்ற பணம் கொடுக்கும் செயலியில் வெளிநாட்டுக் கார்டை இணைக்கலாம். வீசாட் கணக்கு தொடங்கும்போது, ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர் உங்களை உறுதிசெய்ய வேண்டியிருக்கும். விடுதியில் முதலில் சந்திக்கும் சீனியரிடம் கேளுங்கள்.

9. இறங்கிய முதல் முப்பது நாள்

இங்கே வரிசைதான் எல்லாம். தேதியை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்.

முதல் நாள்: 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தங்குமிடப் பதிவு ஆக வேண்டும். வளாக விடுதி என்றால் பெரும்பாலும் அவர்களே செய்துவிடுவார்கள், ஆனாலும் ஆயிற்றா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். வெளியே வீடு எடுத்தால் வீட்டுக்காரரோடு பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நீங்களே போக வேண்டும். நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினாலும் இதே விதிதான்.

இரண்டாம், மூன்றாம் நாள்: சிம் கார்டு. பாஸ்போர்ட் இருந்தால் போதும். அடுத்த நாள் வங்கி. உள்ளூர் எண் இல்லாமல் கணக்கு திறக்க மாட்டார்கள் என்பதால்தான் சிம் முதலில். வங்கிக்குக் காலையிலேயே போங்கள், பெயர் வரிசையில் அங்கேதான் நேரம் போகும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இடைவெளி உட்பட, எழுதச் சொல்லுங்கள். வங்கியில் ஒரு மாதிரி, போன் நிறுவனத்தில் ஒரு மாதிரி இருந்தால் பிறகு கார்டை வீசாட்டில் இணைக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் மருத்துவப் படிவச் சரிபார்ப்பும் குடியிருப்பு அனுமதியும். எக்ஸ்1-இல் வந்தவர்கள் நுழைந்த 30 நாளுக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டுக்கு உட்பட்ட அனுமதிக்குக் கட்டணம் 400 யுவான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு 15 வேலை நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். சிம், வங்கி எல்லாவற்றையும் இதற்கு முன் முடிக்கச் சொல்வது இதனால்தான். பாஸ்போர்ட் போய்விட்டால் மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அக்டோபர் 1 தேசிய தின விடுமுறையும் நடுவில் வரும், அந்த வாரம் அலுவலகம் கிடையாது.

அனுமதி ஒட்டப்படும் முன் எல்லையைத் தாண்டாதீர்கள். எக்ஸ்1 ஒரே நுழைவுக்குத்தான். ஹாங்காங் போவதும் வெளியே போவதாகத்தான் கணக்கு. அங்கே போய்விட்டால் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். காலக்கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 வரை அபராதம் போட முடியும். அனுமதி இல்லாமல் பகுதிநேர வேலையும் கூடாது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வாருங்கள் என்று நிறையப் பேர் அழைப்பார்கள். போகாதீர்கள்.

10. வகுப்பு நிலைத் தேர்வு

முதல் வாரத்தில் ஒரு சிறு தேர்வு வைத்து நிலை பிரிப்பார்கள். செயலியில் நிறையச் சொல் படித்தவர்கள் எழுத்துத் தேர்வில் மேலே போய்விடுவார்கள். வகுப்பில் ஆசிரியர் பேசுவது ஒன்றும் காதில் ஏறாது. சந்தேகம் இருந்தால் ஒரு நிலை கீழே கேளுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றிக்கொள்ள விடுவார்கள், அதற்குப் பிறகு கடினம்.

சரியான நிலை எது? புதுப் பாடத்தைத் திறந்தால் பத்துச் சொல்லில் ஏழெட்டு தெரிய வேண்டும். ஆசிரியர் சொல்வதில் பாதிக்கு மேல் புரிய வேண்டும்.

வாரத்துக்குச் சுமார் இருபது மணி நேரம் வகுப்பு, பெரும்பாலும் காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். வருகைப் பதிவைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உதவித்தொகையும் அனுமதி நீட்டிப்பும் அதைப் பொறுத்தவை. பெய்ஜிங்கில் அறைகளுக்கு வெப்பம் விடுவது நவம்பர் 15-இல்தான். அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் நம்மவர்கள் நிறையப் பேர் காய்ச்சலில் படுத்து வகுப்பை விடுகிறார்கள். நல்ல போர்வையை அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள்.

11. இலக்கணத்தைத் தமிழ் வழியாகப் படியுங்கள்

பாடப்புத்தகத்தில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் சீன வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்திலிருந்து மறுபடி சீனமாக்குவோம். இந்தச் சுற்று வழி வேண்டாம்.

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பது சீனத்தில் நான், நேற்று, வாங்கு, 'த', புத்தகம் என்ற அதே வரிசையில் வரும். 'நான் நூலகத்தில் படிக்கிறேன்' என்பதில் நூலகம் வினைக்கு முன்னால், தமிழில் போலவே. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துத் திருத்து வாங்குவார்கள். 'வருகிறாயா' என்பதில் நாம் ஆ போடுகிற இடத்தில் அவர்கள் 'மா' போடுகிறார்கள். நீ, நீங்கள் என்ற வேற்றுமைக்கு 'நி', 'நின்'. நாங்கள், நாம் என்ற வேற்றுமைகூட வடசீனப் பேச்சில் இருக்கிறது: 'வொமென்', 'ட்ஸான்மென்'. ஆங்கிலத்தில் இதை விளக்கப் பாதிப் பக்கம் பிடிக்கிறது, நமக்கு ஒரு சொல் போதும்.

அளவுச் சொற்களையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். ஒரு முழம் பூ, ஒரு சீப்புப் பழம், ஒரு கட்டு கீரை, நாலு பேர் என்கிறோமே, சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஒன்று உண்டு. புத்தகத்துக்கு 'பென்'. தாள், டிக்கெட், மேசை போன்ற தட்டையானவற்றுக்கு 'ஜாங்'. மீன், சாலை, கால்சட்டை போன்ற நீளமானவற்றுக்கு 'தியாவ்'. பெயர்ச்சொல்லை அதன் அளவுச் சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள்.

ஒரே ஒரு பெரிய மாற்றம்: வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் வரும். 'சோறு சாப்பிடு' என்பது 'சாப்பிடு சோறு' ஆகும். இது பத்து நாளில் பழகிவிடும்.

12. வகுப்புக்கு வெளியே

வெளிநாட்டு மாணவர் விடுதியில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். அங்கேயே கிடந்தால் ஓராண்டு போனதே தெரியாது. முதல் மாதத்துக்குள் மொழித்துணை ஒருவரைப் பிடியுங்கள். அரை மணி நேரம் சீனம், அரை மணி நேரம் அவருக்கு வேண்டிய மொழி. பெய்ஜிங்கில் இருந்தால், தமிழ் படிக்கும் சீன மாணவர்களைத் தேடுங்கள். சீனத் தகவல்தொடர்புப் பல்கலைக்கழகத்திலும் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இலிருந்தே இருக்கிறது. அவர்களுக்கு உங்கள் தமிழ் எவ்வளவு தேவையோ, உங்களுக்கு அவர்கள் சீனம் அவ்வளவு தேவை.

பேச்சைத் தொடங்க நமக்குக் கூச்சம் வரக் காரணமே இல்லை. அங்கேயும் அறிமுகமில்லாதவரை உறவுமுறையில்தான் அழைக்கிறார்கள். விடுதியைப் பெருக்கும் அம்மாவை 'ஆயி', அதாவது அத்தை, சித்தி மாதிரி. மூத்த மாணவி 'ஷுவேஜியே', நம் அக்கா. மூத்த மாணவர் 'ஷுவேஜாங்', அண்ணன். ஆசிரியரைக் குடும்பப் பெயரோடு 'லாவ்ஷி' சேர்த்து அழையுங்கள், வெறும் பெயர் சொல்லக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் எதிரே வருகிறவர் 'ச்சி ல மா?' என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். ஆச்சு என்று சொல்லிவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். எங்கள் மாடியைப் பெருக்கிய ஆயிதான் எனக்கு வகுப்பைவிட அதிகம் பேசக் கற்றுத் தந்தார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. கத்தரிக்காய்க் கறியில், பீன்ஸ் வறுவலில், மாபோ டோஃபுவில் கொத்துக்கறி தூவியிருக்கும். கேன்டீனில் கத்தரிக்காயைக் கரண்டியால் கிளறிப் பார்த்தால் அடியில் பழுப்பாகத் துகள் தெரியும். 'யூஷியாங்' என்றால் மீன் மணம் என்று பொருள், அதில் மீன் இருக்காது, பன்றி இறைச்சித் துகள் பல நேரம் இருக்கும். 'வொ ச்சி சு', நான் சைவம், என்பதைத் தொனியோடு பழகுங்கள். அதோடு கொத்துக்கறியும் பன்றிக் கொழுப்பும் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். தக்காளி முட்டைப் பொரியல் எல்லா இடத்திலும் கிடைக்கும், முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை.

பண்பாட்டுப் பாடத்துக்குக் கட்டுரை கேட்பார்கள். எல்லோரும் பெருஞ்சுவரையும் தேநீரையும் எடுப்பார்கள். நீங்கள் ச்சுவான்ஜோவுக்கு ஒரு முறை போய்வாருங்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம் அது, கடைசியில் சீன எழுத்தும் உள்ள கல்வெட்டு. அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் சிவன் கோயில் சிற்பங்கள் இருக்கின்றன. கைய்யுவான் பௌத்தக் கோயிலின் தூண்களில் நம் ஊர்ச் சிற்பக் கலையின் சாயலை அடையாளம் காணலாம். இலங்கை மாணவர்களுக்கு இன்னும் பக்கம்: சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டிய 1409-ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பகுதியை நீங்கள் வாசித்துக் காட்டினால் ஆசிரியரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

13. திரும்பும் முன்

கடைசி மாதத்தில் எல்லோரும் ஊர் சுற்றப் போய்விடுவார்கள். அதற்கு முன் எச்எஸ்கே எழுதிவிடுங்கள். படித்த ஊரிலேயே, வகுப்பின் சூடு ஆறும் முன் எழுதுவது நல்லது. மூன்றாம், நான்காம் நிலைகளில் 300-க்கு 180 எடுத்தால் தேர்ச்சி.

மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு, ஒட்டிய உறையில், மூன்று படி வாங்குங்கள். ஒன்று உங்கள் கல்லூரிக்கு, ஒன்று கையிருப்புக்கு, ஒன்று அடுத்த உதவித்தொகைக்கு. ஊருக்கு வந்த பிறகு அஞ்சலில் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பாட விவரத் தாளையும் கேட்டு வாங்குங்கள். முதல் பிரிவில் சொன்ன கிரெடிட் கடிதத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கணக்கு முடியும்.

விடுதி முன்பணம், சிம், வங்கி என்ற வரிசையில் முடியுங்கள். முன்பணம் வங்கிக்குத்தான் திரும்பி வரும், ஆகவே வங்கிக் கணக்கைக் கடைசியில் மூடுங்கள். சிம்மை ரத்து செய்யும் முன் வீசாட்டில் பதிந்த எண்ணை மாற்றிவிடுங்கள். அந்த எண் வேறு யாருக்காவது போய்விட்டால் உங்கள் கணக்கைத் திறக்கவே முடியாமல் போகலாம், ஓராண்டு சேர்த்த ஆட்கள் அத்தனை பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.